ஊதியம் தந்தோம், வேலை தந்தோமா?

பார்வையற்ற ஓர் இளைஞருக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தால் ஊரே மகிழ்கிறது. உற்றார் இனிப்பு வழங்குகின்றனர். 'அல்ஹம்துலில்லாஹ்! இனி அவன் வாழ்க்கைக்குக் கவலையில்லை' என்று பெரியவர்கள் மனநிறைவு கொள்கின்றனர். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நாம் முற்படவில்லை. ஆனால், நியமன ஆணையுடன் அந்த இளைஞர் அலுவலகப் படியேறிய நாள் முதல் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பல அலுவலகங்களில் நடப்பது இதுதான். ஒரு மூலையில் அவருக்கு நாற்காலி போடப்படுகிறது. 'நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீங்க? சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்' என்று பக்கத்து மேசைக்காரர் அன்பொழுகச் சொல்கிறார். கோப்பு எதுவும் அவர் மேசைக்கு வருவதில்லை. காலையில் வருகைப் பதிவு; பதினொரு மணிக்குத் தேநீர்; மாலையில் எவரேனும் ஒருவர் கைபிடித்துப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். மாதம் பிறந்தால் ஊதியம். இவ்வாறே ஆண்டுகள் உருண்டோடுகின்றன. ஓய்வுபெறும் நாளில், 'எவருக்கும் ஒரு தொல்லையும் தராதவர்' என்று புகழ்ந்து, சால்வை போர்த்தி அனுப்பிவைக்கின்றனர்.

இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் இரக்கம். இஃது இரக்கமன்று, இனிய சொற்களால் செய்யப்படும் அவமதிப்பு என்பதே நம் வாதம்.

ஊதியம் என்பது உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவது. உழைப்பைப் பெற மறுத்துவிட்டுப் பணத்தை மட்டும் தருவோமானால், அதன் பெயர் ஊதியமன்று; தருமம். பட்டம் பெற்று, போட்டித் தேர்வில் வென்று வந்த ஒருவரின் கையில், அவர் கேளாமலேயே பிச்சைப் பாத்திரத்தைத் திணிக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்?

சட்டம் திறந்த கதவு

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் என்று கூறுகிறது. இவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலைவாய்ப்பில் இடம் தரும் சட்டம் 1995இல் நிறைவேறியது. அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு மூன்று மாற்றுத்திறனாளிகளுக்கு. அவற்றுள் ஒன்று பார்வையற்றோருக்கும் குறைந்த பார்வை உடையோருக்கும் என்பது அதன் ஏற்பாடு.

சட்டம் கதவைத் திறந்தது. அலுவலகங்களோ அந்தக் கதவைப் பாதி சாத்தின. 'இன்னின்ன வேலைகள் மட்டுமே இவர்களால் முடியும்' என்று ஒரு பட்டியல் தயாரித்து, அந்தப் பட்டியலில் அடங்கிய இடங்களை மட்டும் கணக்கில் எடுத்து, அதில் நூற்றுக்கு மூன்று என்று சுருக்கினர். இதை எதிர்த்துப் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பே வழக்காடியது. 2013 அக்டோபர் 8ஆம் நாள், அப்போதைய தலைமை நீதிபதியும் தமிழருமான பி. சதாசிவம் அவர்களின் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் பிறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்தே அதன் பொருள் என்ன என்பது அலுவலகங்களுக்கு உணர்த்தப்பட்டது!

பின்னர் 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நூற்றுக்கு மூன்றை நான்காக உயர்த்தியது. பணிக்காலத்தின் நடுவே பார்வையை இழந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கலாகாது, பதவியிறக்கம் செய்யலாகாது என்றும் அது கூறுகிறது. நீரிழிவாலும் கண்ணழுத்த நோயாலும் நடுவயதில் பார்வை மங்குவோர் நம் குடும்பங்களிலும் உளர். ஆகவே இஃது எவரோ சிலருக்கான சட்டமன்று.

ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் பெற்றுத் தரும். அந்த நாற்காலிக்கு முன்னால் கோப்பை வைப்பது மனிதரின் மனம். அந்த மனம் இன்னும் மூடியே கிடக்கிறது.

'இவரால் முடியுமா?'

மூடிய மனம் கேட்கும் முதற் கேள்வி இது. பிரம்பு நாற்காலி பின்னுதல், சுண்ணக்கட்டி செய்தல், இசை கற்பித்தல், தொலைபேசி இணைப்புத் தருதல் என நாலைந்து தொழில்களை வரையறுத்து, பார்வையற்றோரின் உலகம் இவ்வளவே என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். இத்தொழில்கள் எவையும் இழிந்தவை அல்ல. முகமறியாமலே நூற்றுக்கணக்கான குரல்களை அடையாளங்கண்டு இணைப்புத் தந்த தொலைபேசி இயக்குநர்களின் திறனை அலுவலகங்கள் நன்கறியும். ஆனால் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி வந்தபின், இணைப்புப் பலகையின் வேலை சுருங்கிவிட்டது. பலகையின் முன் அமர்ந்தவருக்கு வேறு வேலை பழக்க வேண்டும் என்று எண்ணிய மேலதிகாரிகள் எத்தனை பேர்?

1829இல் பிரான்சு நாட்டின் லூயி பிரெயில், ஆறு புள்ளிகளால் ஆன எழுத்துமுறையை வெளியிட்டார். அவரும் பார்வையற்றவரே. இன்று கணினித் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்விடிஏ என்பதை 2006இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் இருவர். அதற்கு விலை ஒரு காசும் இல்லை. எவரும் இலவசமாகப் பெறலாம். தமிழையும் அது படிக்கும். கடிதம் தட்டச்சு செய்யலாம். கணக்குப் பட்டியல் தயாரிக்கலாம். மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதலாம். 'செலவாகுமே' என்று தயங்கும் நிர்வாகிகள் இனி வேறு காரணம் தேட வேண்டும்.

உண்மையான தடை எங்கே இருக்கிறது? சுற்றறிக்கையை எழுத்தாக அனுப்பாமல், தாளை நிழற்படம் எடுத்துப் படமாக அனுப்புகின்றனர். படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் படிக்கத் தடுமாறுகிறது. இணையதளத்தினுள் நுழையுமுன், கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய் என்று ஒரு பூட்டுப் போடுகின்றனர். தடையைப் போட்டவர் பார்வையுள்ளவர். பழியோ பார்வையற்றவர் மீது!

வேலை தராமல் ஒருவரைச் சில ஆண்டுகள் உட்கார வைத்தால் அவர் கற்றது துருப்பிடிக்கும். துருப்பிடித்தபின் ஒரு நாள் அவசரமாக ஒரு வேலையைக் கொடுத்து, அவர் தடுமாறியதும், 'பார்த்தீர்களா? இவரால் முடியாது என்று அன்றே சொன்னேனே!' என்பர். காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஓட்டப் பந்தயத்தில் தோற்றதாக அறிவிப்பது எந்த ஊர் நியாயம்?

வியப்பும் ஒரு வேலிதான்

பார்வையற்றோர் எட்டிய உயரங்களுக்குச் சான்றுகள் பல. குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த எகிப்தின் தாஹா ஹுசைன், அல்அஸ்ஹரில் பயின்று, 1914இல் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1950 முதல் 1952 வரை அந்நாட்டின் கல்வி அமைச்சராக விளங்கினார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பதினாறாம் மாதத்தில் மூளைக் காய்ச்சலால் பார்வை இழந்த ஸாக் யாக்கூப், 1998 முதல் 2013 வரை அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நம் சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், வங்கி அதிகாரியாகப் பணியாற்றி, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மகாராஷ்டிரத்தின் பிராஞ்சல் பாட்டீல் 2016இல் தேர்வில் வென்றும், முழுப் பார்வையின்மையைக் காரணம் காட்டி ரயில்வே கணக்குப் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் மறுபடியும் எழுதி, 124ஆம் இடம் பெற்று, ஆட்சிப் பணியில் சேர்ந்து, 2019இல் திருவனந்தபுரத்தின் துணை ஆட்சியர் ஆனார். ரயில்வேக்குக் கணக்குப் பார்க்கத் தகுதியில்லை எனப்பட்டவர், ஒரு கோட்டத்தையே நிர்வகித்தார்!

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்பெயர்களைச் சொல்லி, 'ஆஹா! என்ன அதிசயம்!' என்று வியந்துவிட்டு, நம் அலுவலக மூலையில் இருப்பவரை மறந்துவிடுகிறோம். வியப்பும் இரக்கத்தைப் போல் ஒரு வேலிதான். 'அமைச்சரானால் மதிப்போம், இல்லையேல் மூலையில் அமர்க' என்பது அதன் பொருள். பார்வையுள்ள எழுத்தர் ஒருவரிடம், 'நீ ஏன் நீதிபதியாகவில்லை?' என்று நாம் கேட்பதில்லை. அவர் சராசரியாக வேலை செய்கிறார், சில நாள் பிழையும் செய்கிறார், மேலதிகாரி கண்டிக்கிறார், திருத்திக்கொள்கிறார். பார்வையற்ற ஊழியருக்கும் இதுவே வேண்டும். சராசரியாக இருக்கும் உரிமை. பிழை செய்யும் உரிமை. பிழைக்காகக் கண்டிக்கப்படும் உரிமை! கண்டிக்கத் தகுதியற்றவர் என்று ஒருவரை ஒதுக்குவது, அவரை ஊழியராகவே மதிக்கவில்லை என்பதன் அடையாளம்.

விடிந்ததைச் சொன்னவரும் பாங்கு சொன்னவரும்

'பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர் எவ்வாறு தற்சார்புடையவர் ஆவார்?' என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்விக்கு மதீனாவிலேயே விடை இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்ற நபித்தோழர். அவரை முன்னிட்டு அருளப்பட்ட எண்பதாம் அத்தியாயத்தை நம் வீட்டுக் குழந்தைகளும் ஓதுகின்றனர். ஆனால் அவருடைய உத்தியோகத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிலால் (ரலி) அவர்களுடன் அவரும் நபிகளாரின் முஅத்தினாக இருந்தார். ரமளானில் பிலால் இரவிலேயே அழைப்பார். இப்னு உம்மி மக்தூமின் குரல் கேட்டதும் மக்கள் ஸஹர் உணவை நிறுத்த வேண்டும். விடியலை உலகுக்கு அறிவிக்கும் பொறுப்பு, விடியலைக் காண இயலாதவரிடம்! 'விடிந்துவிட்டது' என்று பிறர் சொன்னபின் அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸ் கூறுகிறது.

சிந்தியுங்கள். விடிந்ததைச் சொன்னவர் உதவியாளர். பாங்கு சொன்னவர் முஅத்தின். உதவி பெற்றதால் பதவி பறிபோகவில்லை. உதவியவரும் 'இனி நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் உட்காருங்கள்' என்று மேடையில் ஏறவில்லை. நபிகளார் (ஸல்) மதீனாவை விட்டு வெளியே சென்றபோது ஒருமுறைக்கு மேல் அவரையே தம் பிரதிநிதியாக நியமித்துச் சென்றார்கள் என்பதும் வரலாறு.

தற்சார்பு என்பது எவர் உதவியும் இன்றி வாழ்வதன்று. அவ்வாறு வாழ்பவர் உலகில் எவரும் இலர். எந்த உதவி வேண்டும், எப்போது வேண்டும், எவரிடமிருந்து வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்வதுதான் தற்சார்பு. தாஹா ஹுசைனுக்கு அவர் மனைவி சூசன் நூல்களைப் படித்துக் காட்டினார். அதனால் அவர் எழுதிய நூல்கள் மனைவியின் நூல்கள் ஆகிவிட்டனவா? நம் அலுவலகக் கூரையில் எரியும் விளக்குகளை எண்ணிப் பாருங்கள். அவை எவருக்காக எரிகின்றன? பார்வையுள்ள நமக்காக. மின்சாரம் நின்றுவிட்டால் நாம் கையைக் கட்டிக்கொண்டு அமர்கிறோம். பிரெயில் படிப்பவரின் விரல் நிற்பதில்லை. நமக்குத் தரப்படும் உதவிக்கு வசதி என்று பெயர். அவருக்குத் தரப்படுவதற்கு மட்டும் சலுகை என்று பெயரா?

நீதிமன்றம் சொன்ன பாடம்

நீதி வழங்கும் இடத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று வரையறுத்தனர். அதற்கு மேற்பட்ட குறைபாடுடைய வழக்கறிஞர் ஒருவர் வழக்காடினார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 2021 பிப்ரவரியில், மற்றோர் அமர்வு அந்தத் தீர்ப்பின் அடிப்படையையே ஏற்க மறுத்தது. முடிவில் 2025 மார்ச் 3ஆம் நாள், பார்வையின்மை ஒன்றையே காரணம் காட்டி எவருக்கும் நீதித்துறைப் பணியின் வாயிலை அடைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுக் கூறியது. நாட்டின் மிக உயர்ந்த மன்றம் ஆறே ஆண்டுகளில் தன் நிலையை மாற்றிக்கொள்ள முடியுமானால், நம் ஊர் அலுவலகத் தலைமை எழுத்தருக்கு மட்டும் அஃது இயலாதா?

வீட்டிலே தொடங்கும் குற்றம்

அலுவலகத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. 'சும்மா உட்காருங்க' என்ற சொல்லை அந்த இளைஞர் முதன்முதலில் கேட்டது அலுவலகத்தில் அன்று, வீட்டில். 'நீ ஏம்மா எழுந்திருக்கிறே? உம்மா எடுத்துத் தாரேன்' என்று, வளர்ந்த மகளுக்குத் தண்ணீர்க் குவளையைக் கூடக் கையில் கொடுக்கும் பாசம் நம்முடையது. வெள்ளைக் கோலைப் பிடித்துத் தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அதை அலமாரியில் மறைத்து வைக்கும் வாப்பாமார் உளர். பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர் பள்ளி தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும், 'விடுதியில் போய்க் கஷ்டப்பட வேண்டாம்' என்று பிள்ளையைத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெண் பிள்ளையென்றால் திண்ணையும் இல்லை, உள்ளறைதான். இதைப் பாசம் என்கிறோம். பெற்றோர் காலம் முடிந்தபின் அந்தப் பிள்ளையைக் கைபிடித்து நடத்தப் போவது யார் என்று அந்தப் பாசம் கேட்பதில்லையே!

நம் சமுதாயத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்துவோர் உளர். துணிக்கடை, ஏற்றுமதி அலுவலகம், கல்விக்கூடம் நடத்துவோர் உளர். இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவாய்ப்பு வழங்கும் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. நம்மவர் நிறுவனங்களில் எத்தனை சுவர்களில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது? ரமளான் இரவுகளில் பார்வையற்ற ஹாபிழ் தராவீஹ் நடத்த, அவர் பின்னால் கைகட்டி அணிவகுத்து நிற்கிறோம். முப்பது ஜுஸ்உவையும் நெஞ்சில் சுமக்கும் அவர் நினைவாற்றலைப் போற்றுகிறோம். மறுநாள் காலையில் அதே போன்ற ஓர் இளைஞர் நம் கடையில் வேலை கேட்டு வந்தால், 'இவரால் சரக்குக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா?' என்று ஐயுறுகிறோம். பத்து ரூபாயை அவர் கையில் வைத்து, 'துஆ செய்யுங்க பாய்' என்று அனுப்பிவிடுகிறோம். அவர் கேட்டது பத்து ரூபாயா?

செய்ய வேண்டியவை மிக எளியவை. அவரிடம் பேச வேண்டியதை அவரிடமே பேசுங்கள். உடன் வந்தவரிடம் 'இவருக்கு டீ வேணுமா?' என்று கேட்காதீர்கள். அருகில் வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். புறப்படும்போது சொல்லிவிட்டுப் போங்கள். கேளாமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வழி காட்ட வேண்டுமானால் உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும். நாற்காலி மேசைகளை இடம் மாற்றினால் தெரிவியுங்கள். தாளைப் படமாக அல்ல, எழுத்தாக அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை கொடுங்கள். காலக்கெடுவுடன் கொடுங்கள், முடிந்ததா என்று கேளுங்கள், நன்றாக இருந்தால் பதவி உயர்வு தாருங்கள், பிழை இருந்தால் மற்றவரிடம் சொல்வது போலவே முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். கூலியை நேரத்தில் கொடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கட்டளைக்குள் மற்றொன்றும் அடங்கியிருக்கிறது: முதலில் அவர் வியர்வை சிந்துவதற்கு நாம் இடம் தர வேண்டும்.